கல்யாணச் சாடிகளும் ஒன்பது நாள் விருந்தாளிகளும்

கோபுன் கிராமம், கேச் ஆற்றங்கரை
பிப்ரவரி 27

என் ஆசை மகன் சப்ஸலுக்கு அம்மா துர்பீபி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் தங்கை கிரானாஸும் தலைக்கு மேல் கூரையோடும் உடம்பில் உயிரோடும் இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வேலை பார்க்கும் மீன் கிடங்கில் குளிர் அதிகம் என்று சொன்னாயே, நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், நண்பர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த மாதம் முழுக்க எங்களிடமிருந்து ஒரு குரலும் வரவில்லையே என்று பயந்திருப்பாய். மழையில் மலைமேல் இருந்த போன் கோபுரம் சாய்ந்துவிட்டது, எப்போது நிமிர்த்துவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. லாரி ஓட்டும் லால்பக்ஷ் நாளைக் காலை கராச்சிக்குப் போகிறான், அங்கிருந்து மஸ்கட் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். ஒரு வகையில் போன் செத்துக் கிடப்பதும் நல்லதுதான். நான் சொல்லப் போவதைப் போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விட்டது என்பாய். கடிதத்தில் சிக்னல் போகாது, கடைசி வரி வரை படி.

மழை ஐந்தாம் தேதி பிடித்தது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. கிழக்குத் தோட்டத்தில் பதினோரு பேரீச்சை மரம் வேரோடு போனது, நீ சின்ன வயதில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டாயே, அந்த மரமும் போனது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக் கூரை விழுந்துவிட்டது, நல்ல வேளை வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் யாரும் இல்லை, பாடம் நடத்த நான் எழுதி வைத்திருந்த எழுத்துப் பலகைகள் மட்டும் ஊறிப் போயின. உன் சித்தப்பா மகளுக்கு வெள்ளத்துக்கு நடுவிலேயே ஆண் குழந்தை பிறந்தது, மழை என்று அர்த்தம் வரும்படி பேர் வைக்க வேண்டும் என்று அவள் கணவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ஆறாம் தேதி மதியத்துக்குச் சற்று முன்னால் வாசலில் ஜீப் வந்து நின்றது. சியாகாப்பிலிருந்து கரீம்தாத் அண்ணன் இறங்கினார். பின்னாலேயே அவருடைய அக்கா ஷாபரி, தலை முதல் கால் வரை நனைந்து, இறங்கும்போதே மழையைத் திட்டிக்கொண்டு. ஓட்டிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறாய், ஜியந்த். உன் தங்கைக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளையே. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டு வாசலை அவன் மிதிக்கலாமா? ஓட்டுநருக்குக் காய்ச்சலாம், வேறு ஆள் கிடைக்கவில்லையாம், இவர்களை இறக்கிவிட்டு உடனே பக்கத்து ஊருக்குப் போய்விடுவதாக நினைத்து வந்தானாம். தலையைத் தூக்காமல் ஜீப்பின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கி ஒரு பெட்டியை இறக்கினான். பச்சை டிரங்குப் பெட்டி, மூடியில் ரோஜாப்பூ வரைந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் உனக்கும் அவர் மகள் பானடிக்கும் நிச்சயம் ஆனபோது, கிரானாஸ் ராத்திரி பகலாகப் பூத்தையல் போட்ட உடுப்பையும் என் வெள்ளிக் காப்பையும் வைத்து நான் என் கையால் அனுப்பிய பெட்டி அது. நிச்சயப் பெட்டி திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதுவும் இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம். பானடி உனக்கு, அவள் அண்ணன் ஜியந்துக்கு நம் கிரானாஸ். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்றதும் அவிழ்ந்தது. பெட்டியை நான் பார்த்ததை ஷாபரி பார்த்தாள். நான் "உள்ள வாங்க அக்கா, நனையறீங்க" என்றேன்.

உன் அப்பா, சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஜியந்தையும் நிறுத்தி, அவர்களை விருந்தறையில் கம்பளம் விரித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்து, முறைப்படி ஹால் கேட்டார், ஊர்ச் சேதி வழிச் சேதி எல்லாம். கரீம்தாத் அண்ணனும் முறைப்படி ஹால் கொடுத்தார். ஊரில் மழை, ஆடுகளுக்குப் புல் முளைத்துவிட்டது, இன்னார் மௌத்தானார், இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, வழியில் ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு, மற்றபடி எல்லாம் நலம், உங்கள் ஹால் சொல்லுங்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த காரியத்தை அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கசப்பைச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார், சாப்பிட்டதும் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று. உன் அப்பா அதற்குள் கடாவை அறுத்துவிட்டார். மழைக்குப் பயந்து ஆட்டுக் கொட்டகைக்குள்ளேயே குழி வெட்டி நெருப்புப் போட்டு, கறியைக் கம்பில் குத்திச் சுற்றிலும் நட்டு சஜ்ஜி சுட்டார். ஈர விறகு, ஒரே புகை, இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது அவருக்கு. நான் மாவைப் பிசைந்து சுட்ட கல்லின் மேல் சுற்றி நெருப்போரம் வைத்து காக் ரொட்டி செய்தேன். முதலில் ஈரலும் வால் கொழுப்பும் வாட்டி அனுப்பினேன். கரீம்தாத் அண்ணன் ஒரு துண்டை வாயில் வைத்து மெல்லவே மாட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்று உன் அப்பா பிறகு சொன்னார்.

சாப்பிட்டுக் கைகழுவி, தேநீர் வந்து, அவர் தொண்டையைக் கனைத்த நேரத்தில் ஆற்றின் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் முன்னால் கேச் ஆறு, பின்னால் மலை ஓடை, இரண்டும் கரை தெரியாமல் ஒன்றாகிவிட்டன. ஜீப்பின் சக்கரம் முழுகிவிட்டது. எல்லோரும் சேர்ந்து அதை மேட்டுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. இனி அவர் எப்படிச் சொல்வார்? நிச்சயத்தை முறித்துவிட்டு அந்த வீட்டிலேயே ராத்திரி ரொட்டி சாப்பிட முடியுமா, அதே கூரைக்குக் கீழே போர்வை வாங்கிப் படுக்க முடியுமா? முறித்துச் சொன்ன பிறகு கிளம்பித்தான் ஆக வேண்டும், கிளம்ப வழி இல்லை. நாங்களும் கேட்க முடியாது. கேட்டால் விருந்தாளியை வெள்ளத்தில் இறங்கச் சொன்ன மாதிரி. தண்ணீர் நாளைக்கு வடியும் என்று நினைத்தோம். நாளைக்கு இன்னும் ஏறியது. இப்படியே ஒன்பது நாள், சப்ஸல். ஒன்பது நாள் அந்தப் பச்சைப் பெட்டி விருந்தறை மூலையில் இருந்தது. அதன்மேல் கண் படாமல் இருக்க எல்லோரும் வேறு வேறு சுவரைப் பார்த்துப் பேசினார்கள். மழை, ஆடு, மழை, புல், திரும்ப மழை. உன் அப்பா வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆண்களுக்காவது சுவர் இருந்தது. எனக்கும் ஷாபரிக்கும் நடுவில் அடுப்பு மட்டும்தான். அவள் நாக்கு உனக்குத் தெரியும். முதல் நாள், "ரொட்டி நல்லாத்தான் சுடற துர்பீபி, கல்லு மட்டும் கொஞ்சம் சூடு பத்தல" என்றாள். மூன்றாம் நாள், "உங்க ஆத்துத் தண்ணிக்கு வெட்கமே கிடையாதா, போகவே மாட்டேங்குதே" என்றாள். நான், "வந்தவங்கள விட அதுக்கும் மனசு வரல போல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்து முடித்ததும் அவள் விறகைத் தள்ளினாள், நான் மாவை உருட்டினேன்.

கிரானாஸ் பட்ட பாட்டைத்தான் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது, ஆனால் அவன் இருப்பதோ பத்தடி தூரத்தில். முற்றத்தில் இறங்க வேண்டுமென்றால் நான் முதலில் போய்ப் பார்த்து, இருமி, கை காட்ட வேண்டும். பகல் முழுக்க சாமான் அறையில் ஜன்னல் இல்லாத இருட்டில் உட்கார்ந்து மாவரைத்தாள். "நம்ம வீட்டுலயே நான் திருடி மாதிரி நடக்கறேம்மா, என்னை வேண்டாம்னு சொல்ல வந்தவங்களுக்கு நானே அரைச்சுப் போடறேன்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்த உடுப்புல பூத்தையல் போட்டவ நான், பெட்டிய எனக்குத் தெரியாதா" என்றாள். அதற்குமேல் அழவில்லை, அரைத்தாள். ஜியந்தும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார முடியாமல் வெளியே போய் மழையிலேயே விறகு பிளப்பான், கூரைமேல் ஏறி ஒழுகும் இடத்தில் மண் பூசுவான். ஐந்தாம் நாள் கொட்டகைச் சுவர் விழுந்தபோது ஓடிப் போய்த் தோண்டியவனும் அவன்தான். இரண்டு செம்மறி அடியில் நசுங்கிச் செத்துப்போயிருந்தன. கத்தி படாமல் செத்ததைத் தின்ன முடியாது அல்லவா, அப்படியே வெள்ளத்தில் விட்டோம். பாலாடு மட்டும் தப்பியது.

அதற்குள் இரண்டு கடா தீர்ந்திருந்தது. விருந்தாளிக்கு வெறும் ரொட்டி வைக்க முடியாது. அப்போதுதான் நான் சாமான் அறையின் உள் மூலைக்குப் போனேன். மார்கழிக் குளிரிலேயே கிரானாஸ் கல்யாணத்துக்கென்று எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன் மகனே. நான்கு ஆட்டுக் கறியை உப்பும் மாதுளை முத்துப் பொடியும் தேய்த்துக் காயப்போட்ட தபாஹேக் ஐந்து சாடி. பாகு ஊற்றி அடைத்த பேரீச்சம்பழம் ஆறு பானை. நெய், காய்ந்த மோர்க்கட்டி, பஸ்னியிலிருந்து வரவழைத்த கருவாடு. மறந்து எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கழுத்திலும் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். முதல் சாடியின் நூலை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. கிரானாஸ்தான் பல்லால் கடித்து அறுத்தாள். அன்றைக்குத் தபாஹேக் போட்டுச் சோறு பொங்கினேன். மறுநாள் கருவாடு, அதற்கடுத்த நாள் மோர்க்கட்டி கரைத்து ஊற்றிய குழம்பு. உன் தங்கையின் கல்யாணச் சாப்பாட்டை, அந்தக் கல்யாணத்தை நிறுத்த வந்தவர்களுக்கு, ஒரு வேளைக்கு ஒரு சாடியாக நானே பரிமாறிக்கொண்டிருந்தேன். விருந்தறையிலிருந்து "மாதுளம் புளிப்பு ரொம்ப நல்லா இருக்கு" என்று கரீம்தாத் அண்ணன் சொல்லி அனுப்பினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் ஷாபரி எனக்கு உதவுகிறேன் என்று நெய் எடுக்கச் சாமான் அறைக்குப் போனாள். தரையில் கிடந்த சிவப்பு நூல்களைப் பார்த்திருக்கிறாள். அவளும் மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்தவள். "இது எதுக்கு வச்சதுடி?" என்று கிரானாஸைக் கேட்டாள். "விருந்தாளிக்கு" என்றாளாம் உன் தங்கை, திருகையை நிறுத்தாமல். அன்று மதியத்திலிருந்து ஷாபரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். மறுநாளும் வயிறு சரியில்லை. நான் தட்டை முன்னால் வைத்துக் கெஞ்சினேன். "அக்கா, ஒரு வாய் சாப்பிடுங்க, என் வீட்டுல பட்டினி கிடந்தீங்கன்னு எனக்குப் பேர் வரும்." அவள் கறுப்புத் தேநீரை மட்டும் குடித்துவிட்டு, "எனக்குத் தொண்டைல இறங்கல, விடு" என்றாள். முன்பாவது சாப்பாடு போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வழியும் அடைத்துப்போயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு உன்னிடம் பேச வேண்டும். நிச்சயத்தை அவர்கள் ஏன் முறிக்க வந்தார்கள் என்று உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. ஏழாம் நாள் ஷாபரி சொன்னாள். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் கூட்டாளி மெஹ்ராபிடம் நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய், எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று. பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை இல்லை, தகப்பனுக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கும் இல்லை. தேநீர்க் கடையில் மெஹ்ராப் யாரிடமோ சொல்லி, அது நாலு வாய் மாறி பானடி காதுக்குப் போயிருக்கிறது. "நாலு வருஷமா அவ கூட்டாளிப் பொண்ணுங்களுக்கெல்லாம் குழந்தை பொறந்துடுச்சு. எங்க பொண்ணு மட்டும் யாரோட வாசலுக்கும் போகாம வீட்டுக்குள்ள கெடக்கா. உன் மகன் ஒரு கடுதாசி போட்டிருந்தா நாங்க ஏன் இந்த மழைல வரோம்?" என்று கேட்டாள். பதில் இருந்தால் நீயே எழுது. நான் அடுப்பை ஊதினேன். ஒன்பது நாள் நாங்கள் ஏழெட்டடி அறையில் அடைபட்டதற்கே மூச்சு முட்டியது. அவளை நீ நான்கு வருஷம் அடைத்து வைத்திருக்கிறாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் மாற்றுச் சம்பந்தத்தில் வந்தவள் என்பது உனக்குத் தெரியும், அதில் நான் பட்டது தெரியாது. உன் அத்தை ஹூர்பீபியை என் அண்ணனுக்குக் கொடுத்து, என்னை இங்கே எடுத்தார்கள். அங்கே என் அண்ணன் அவளைக் கை நீட்டி அடித்தால், இங்கே என் மாமியார் என் ரொட்டியில் நெய் தடவ மாட்டார். அங்கே அவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் என்னையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நீ கைக்குழந்தை, உன்னைப் பிடுங்கி வைத்துக்கொண்டு. இரண்டு மலைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதை நான் என் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். உன் அப்பா நல்லவர், ஆனால் இதில் ஒரு நாளும் வாய் திறந்தவர் இல்லை. இவ்வளவும் பட்ட நான்தான், உன் விஷயத்திலும் கிரானாஸ் விஷயத்திலும் அதே மாதிரி முடிச்சுப் போட ஒப்புக்கொண்டேன். நல்ல குடும்பம் என்று மட்டும் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சாடிகள் எல்லாம் காலி. மாவு ஒரு வேளைக்கு இருந்தது. உன் அப்பா ஒன்றும் பேசாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டு பாலாட்டை இழுத்தார். ஆடு கத்திய கத்தலில் விருந்தறையிலிருந்து கரீம்தாத் அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "ஷம்பே, இத அறுத்தியானா என்னால முழுங்க முடியாது." "நீ விருந்தாளி, போய் உள்ள உக்காரு." "விருந்தாளி போதும்டா, விட்டுடு." "என் வீட்டு மானத்தைப் பத்தி நீ பேசாத." இரண்டு பேருக்கும் அறுபது வயது. ஆட்டின் முன்காலை ஒருவரும் பின்காலை ஒருவரும் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி விழுந்தார்கள், ஆடு இருவர் மேலும் ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. ஜியந்த் தூக்கிவிட வந்தான், இரண்டு பேரும் அவனையே திட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. தலையை மூடிக்கொண்டு நேரே விருந்தறைக்குள் போய் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தேன். "கரீம்தாத் அண்ணா, நீங்க குடுக்க வந்தத நான் வாங்கிக்கிட்டேன். பானடிய நான் விட்டுட்டேன். என் மகன் சார்புல, அவன் அம்மா நான் சொல்றேன், இன்னையிலேர்ந்து அவளுக்கும் எங்களுக்கும் எந்தக் கட்டும் இல்ல. அவ யாரையும் கட்டிக்கலாம், கட்டாமலும் இருக்கலாம்" என்றேன். உன் அப்பா சேறு வடிய எழுந்து, "நான் இருக்கும்போது இதச் சொல்ல நீ யாரு?" என்றார். "நீங்க முப்பத்திரண்டு வருஷமா இருக்கீங்க. ஒரு நாளாவது எதையாவது சொல்லியிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றேன். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, வெளி ஆள் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன்.

கரீம்தாத் அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக எல்லோரும் அதைப் பார்த்தோம். "அப்போ என் பையன்?" என்றார் மெதுவாக. "அது வேற பேச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு எடைபோடற வியாபாரம் இனிமே என் வீட்டுல வேண்டாம். உங்களுக்குக் கிரானாஸ் வேணும்னா அவளுக்காகக் கேளுங்க, வேண்டாம்னா அதையும் இப்பவே சொல்லுங்க" என்றேன். அவர் வாய் திறப்பதற்குள் ஜியந்த் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டே, காது மடல் சிவந்துபோய், "நான் ஆரம்பத்துலயே கிரானாஸத்தான் கேட்டேன். தங்கச்சியக் குடுத்து வாங்கித் தாங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கல" என்றான். சாமான் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உன் தங்கையின் குரல் வந்தது. "அம்மா, கல்யாணச் சாப்பாடு தீந்துபோச்சு, இனிமே வெறும் ரொட்டிதான் போட முடியும்னு சொல்லுங்க. அதுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

முதலில் சிரித்தவள் ஷாபரி. மூன்று நாள் பட்டினி கிடந்த உடம்பு குலுங்கச் சிரித்தாள், அப்படியே அழுதாள். "அந்த மாவ எடு துர்பீபி, எனக்குப் பசிக்குது" என்றாள். இருந்த மாவில் ரொட்டி சுட்டுப் பிய்த்துப் பாலில் போட்டு, ஆண்களும் பெண்களும் அவரவர் இடத்தில் சாப்பிட்டோம். ஒரு வேளையும் அந்த வேளை மாதிரி ருசித்ததில்லை. கரீம்தாத் அண்ணன் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நான் வீட்டுக்குப் போய் என் பொண்ணு முகத்தப் பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்றார். அது நியாயம்தான். மறுநாள் தண்ணீர் இறங்கியது, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பெட்டி இங்கேயே இருக்கிறது. வெள்ளிக் காப்பைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. பதிமூன்று நாள் ஆகிறது. வெள்ளம் வடிந்துவிட்டது, பாதை திறந்துவிட்டது, நான் மட்டும் இன்னும் அடைபட்ட மாதிரித்தான் இருக்கிறேன். தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், எடுத்தால் எழுந்து போகிறார். ஊரில் பெண்கள் கிணற்றடியில் நான் வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். மகன் நிச்சயத்தைத் தாய் முறித்தாள் என்று நம் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லையாம். நடந்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றுதான் சியாகாப்பிலிருந்து லால்பக்ஷ் லாரியில் ஆள் வந்தது. கரீம்தாத் அண்ணன் சம்மதம் சொல்லி அனுப்பியிருக்கிறார், நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை நிக்காஹ். கூடவே இரண்டு மூட்டை கோதுமை. அது அவர் அனுப்பியது இல்லை, பானடி அனுப்பியது, அவர்கள் வயலில் அவளுடைய பங்கு. "கிரானாஸ் வெறும் ரொட்டி போடறேன்னு சொன்னாளாம், மாவாவது நல்ல மாவா இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். உனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. அப்படியே எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். "அவருக்கு என்னைப் பிடிக்கலேன்னா அதுல தப்பு இல்ல. ஆனா அதச் சொல்ல மெஹ்ராப் எதுக்கு?" இவ்வளவுதான். நீ வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா, பயமா, கடனா, உடம்புக்கு ஏதாவதா, நான் கேட்கவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது எனக்கு எழுது. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு, அவள் தகப்பனார் பேருக்கு, உன் கையெழுத்தில் ஒரு கடிதம் போடு. அழகாக எழுத வேண்டியதில்லை, உண்மையை எழுது. இது யோசனை இல்லை, அம்மாவின் கட்டளை.

இன்று மதியம் நான் அடுப்படியில் இருந்தேன். உன் அப்பா வந்து என்னைத் தாண்டிப் போய்த் தேநீர்க் கெண்டிக்கு எதிரில் உட்கார்ந்தார். கெண்டியைப் பார்த்து, "லால்பக்ஷ் நாளைக்குப் போறானாம். அந்தப் பயலுக்கு யாரோ கடுதாசி எழுதறாங்களாம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலயே வந்து நிக்கச் சொல்லணும். நான் சொன்னதா எழுத வேண்டாம்" என்றார். நானும் கெண்டியைப் பார்த்து, "எழுதிடறேன்னு சொல்லு" என்றேன். அவர் ஊற்றிக் குடித்துவிட்டு, பாதி வழி போனவர் திரும்பி வந்து, இன்னொரு கோப்பையில் ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆகையால் வந்து சேர், மகனே. வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டு வராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் நெஞ்சில் தைரியமும் தரட்டும், நீ உட்காரும் இடமெல்லாம் உனக்கு ரொட்டி கிடைக்கட்டும். வரும்போது உன் அப்பாவுக்கு இருமலுக்கு நல்ல மருந்தாக ஒரு பாட்டில் வாங்கி வா, ஈர விறகுப் புகை இன்னும் அவர் நெஞ்சில் இருக்கிறது.

என்றும் உன் நலத்தையே வேண்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா
துர்பீபி